அடிக்கடி நின்றுபோகும் வீட்டுக் கணினி: நாமே பார்ப்பதா, ஊர்க் கடையா, பெங்களூரா, புதிதா?

வீட்டுக் கணினி அடிக்கடி ஹேங் ஆகிறது, திடீரென்று அணைந்து தானாக மீண்டும் எழுகிறது என்று கேட்பவர்களுக்கு, வழிகள் என்னென்ன என்பது பெரும்பாலும் தெரிந்தே இருக்கிறது. திறந்து பார்க்கலாம், பஸ் நிலையம் பக்கத்துக் கடையில் கொடுக்கலாம், பெங்களூருக்குத் தூக்கிக்கொண்டு போகலாம், தலைமுழுகிவிட்டு வேறு வாங்கலாம். எதில் இறங்குவது என்பதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள். தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இந்தக் குழப்பம் சற்று அதிகம். பெங்களூரு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் நினைத்தவுடன் போய்வரும் தூரமும் இல்லை.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோளாறு எந்தப் பாகத்தில் என்று ஓரளவாவது தெரியாமல் பணத்தை வெளியே எடுக்கக் கூடாது. முதல் தடவை ஆகும் செலவை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். அதே கோளாறுக்காக இரண்டாவது தடவை அலைவதைத்தான் யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

## எதை வைத்து எடைபோடுவது?

முதலாவது, உள்ளே இருக்கும் கோப்புகள். குழந்தையின் படங்கள், பத்திர நகல்கள், கடைக் கணக்கு ஆகியவற்றுக்கு வேறு நகல் இல்லையென்றால் மற்ற எல்லா அளவுகோலும் இதற்குப் பின்னால்தான். இரண்டாவது, கோளாறு எது என்பதைக் கண்டுபிடிக்கும் வசதி அந்த வழியில் இருக்கிறதா என்பது. மூன்றாவது மொத்தச் செலவு: பாகத்தின் விலை, கூலி, போக்குவரத்து, போன ஒரு நாள் கூலி அல்லது விடுப்பு. நான்காவது, எத்தனை நாள் கணினி இல்லாமல் இருக்க முடியும். விண்ணப்பக் கடைசித் தேதி நெருங்கும்போது இது ஒன்றே முடிவைத் தீர்மானித்துவிடும். ஐந்தாவது, மறுபடி கெட்டால் யாரைக் கேட்பது.

கணினியின் வயது இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடும் கேள்வி. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ முறைப்படி நிறுவ, இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய ப்ராசசரும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். அதற்கு முந்தைய கணினியில் பெரிய தொகையைப் போடுவதற்கு முன் இருமுறை யோசிக்க வேண்டும்.

## எப்போது நிற்கிறது?

எந்த வழியில் போனாலும் இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன் செய்து இருபது நிமிடம், அரை மணி நேரம் கழித்தோ, வீடியோ பார்க்கும்போதோ நின்றால் வெப்பத்தைச் சந்தேகிக்கலாம். மோட்டார் போடும்போது, மின்சாரம் மாறும்போது, மாலையில் எல்லா வீட்டிலும் விளக்கு எரியும்போது அணைந்து எழுந்தால் மின்சாரம் அல்லது எஸ்எம்பிஎஸ் (கணினியின் பாகங்களுக்கு மின்சாரம் தரும் பெட்டி). எதைத் திறந்தாலும் நெடுநேரம் சுற்றிக்கொண்டே இருந்து, பிறகு திடீரென்று எல்லாம் ஒரே நேரத்தில் திறந்தால் ஹார்டு டிஸ்க். நேரம் காலம் இல்லாமல், ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எழுத்துகளோடு நீலத்திரை (விண்டோஸ் பிழை காட்டி நிற்கும் திரை) வந்தால் ரேம் முதல் சந்தேகம். கடிகாரம் ஒவ்வொரு நாளும் பழைய தேதிக்குப் போய்விடுகிறதா? அது எல்லாப் பாகமும் பொருந்தும் மதர்போர்டில் உள்ள சிஆர்2032 என்ற காசு வடிவ பாட்டரி. நூறு ரூபாய்க்குள் முடியும் சமாச்சாரம்.

நின்றுபோன நேரத்தில் விசைப்பலகையின் நம்லாக் பொத்தானைத் தட்டிப் பாருங்கள். விளக்கு மாறினால் கணினி உயிரோடு இருக்கிறது, ஏதோ ஒரு மென்பொருள்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. மாறவே இல்லையென்றால் கோளாறு ஆழத்தில் இருக்க வாய்ப்பு அதிகம்.

நீலத்திரை வந்தாலே பாகம் போய்விட்டது என்று பதற வேண்டியதில்லை. 2024 ஜூலை 19-ஆம் தேதி உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. காரணம் ஒரு பாதுகாப்பு மென்பொருளின் தவறான அப்டேட். அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் சேஃப் மோடில் ஒரு மணி நேரம் ஒழுங்காக ஓடும் கணினி, வழக்கமான முறையில் மட்டும் நிற்கிறது என்றால் டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்), மற்ற மென்பொருள் பக்கம் தேடுங்கள்.

| வழி | எப்போது பொருந்தும் | கண்ணுக்குத் தெரியாத செலவு | கோப்புகளுக்கு ஆபத்து |
|---|---|---|---|
| நாமே பார்ப்பது | தூசி, வெப்பம், ரேம் தொடர்பு, மின்சாரம் | உடையும் கிளிப், வீணாகும் ஞாயிற்றுக்கிழமை | நகல் எடுத்துவிட்டால் குறைவு |
| ஊர்க் கடை | பாகத்தை மாற்றிப் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியவை | தேவையில்லாத ஃபார்மட், திருட்டு விண்டோஸ் | சொல்லாமல் கொடுத்தால் அதிகம் |
| நிறுவன சர்வீஸ் சென்டர் | வாரண்டி உள்ளவை | காத்திருப்பு | அதிகம். கோப்புக்குப் பொறுப்பேற்பதில்லை |
| பெங்களூரு எஸ்.பி. ரோடு (கணினிப் பாகச் சந்தை) | வாங்க வேண்டிய பாகம் உறுதியாகத் தெரிந்தபின் | பயணம், மாற்ற மறுபயணம் | பாகம் மட்டும் வாங்கினால் இல்லை |
| புதியது அல்லது ரீஃபர்பிஷ்டு (பழையதைச் சரிசெய்து விற்பது) | மதர்போர்டு கோளாறு, மிகப் பழைய கணினி | யுபிஎஸ், ஆபீஸ் உரிமம், கோப்பு மாற்றம் | பழைய டிஸ்க் பத்திரமாக இருந்தால் இல்லை |

## நாமே பார்ப்பது

கையில் ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், பெயின்ட் அடிக்காத புது பிரஷ், ப்ராசசரின் சூட்டை மேலே உள்ள தகடுகளுக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் ஒரு ட்யூப் இருந்தால் போதும். எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்தான். நம் மாவட்டங்களில் பாதிக் கோளாறுக்கு வெயிலும் தூசியும்தான் மூலம் என்று நான் நம்புகிறேன். தருமபுரியில் ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழ் மூலையில் வைத்த கேபினெட் என்ன பாடுபடும்!

பர்கூர், ஜெகதேவி பக்கம் கல்குவாரிக்கு அருகில் இருக்கும் வீடு ஒன்றின் கேபினெட்டைத் திறந்தால், ப்ராசசர் மேல் இருக்கும் விசிறி மேலாகச் சுத்தமாகவே தெரியும். 'தூசி ஒன்றும் இல்லையே' என்று மூடிவிடுவார்கள். விசிறியைக் கழற்றித் தூக்கினால்தான் விஷயம் புரியும். அடியில் உள்ள அலுமினியத் தகடுகளின் இடுக்கை அடைத்துக்கொண்டு, சாம்பல் நிறக் கல்தூசி கம்பளித் துண்டுபோல் படிந்திருக்கும். ஓரத்தைப் பிடித்து இழுத்தால் ஒரே தகடாக உரிந்து வரும். விசிறி சுற்றுகிறது, காற்று மட்டும் உள்ளே போகவில்லை. எஸ்எம்பிஎஸ் சல்லடையில் பல்லி முட்டையும் எறும்பு கொண்டுவந்த மண்ணும் இருப்பதுண்டு.

மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உள்ளே இருக்கும் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு வேலையைத் தொடங்குங்கள். ப்ளோயர் இருந்து அதில் காற்றடித்தால் விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அது கண்டபடி சுற்றினால் கெட்டுவிடும். காய்ந்து வெடித்த பழைய பேஸ்ட்டைத் துடைத்துவிட்டு, பட்டாணி அளவு புதியதை ப்ராசசரின் நடுவில் வையுங்கள். பிறகு எச்டபிள்யூமானிட்டர் போன்ற இலவச மென்பொருளில் வெப்பநிலையைப் பாருங்கள். சும்மா இருக்கும்போது 40 முதல் 50 டிகிரி இயல்பு. வேலை செய்யும்போது 95-ஐத் தாண்டினால் ப்ராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், முடியாதபோது கணினியை அணைத்துவிடும்.

அடுத்தது ரேம். கழற்றி, தங்க நிறத் தொடர்புப் பட்டையைப் பென்சில் அழிரப்பரால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிட்டு மறுபடி அழுத்திப் பொருத்துங்கள். இரண்டு ரேம் இருந்தால் ஒவ்வொன்றாக மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென்டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிட்டால், காலையில் ஒரு பிழை காட்டினாலும் அந்த ரேமை நம்ப முடியாது. ஹார்டு டிஸ்கின் நிலையைப் பார்க்க கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள். நீலத்தில் 'குட்' என்று காட்டினால் பரவாயில்லை; மஞ்சளில் 'காஷன்' என்று வந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதலில் கோப்புகளை வெளியே எடுங்கள். டிக் டிக் என்று சத்தம் கேட்டால் அதைத் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்ப்பதும் ஆபத்துதான்.

மின்சாரத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் சற்று விரித்துச் சொல்கிறேன். டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து கடைசி வீடாக இருக்கும் கிராமங்களில், பம்ப்செட்டுகள் ஓடும் நேரத்தில் வோல்டேஜ் இறங்கிவிடும். வர வேண்டியது 230 வோல்ட். இறங்கும்போது விளக்கு மங்குவதை வைத்தே கண்டுகொள்ளலாம். விலை மலிவான எஸ்எம்பிஎஸ் அதைத் தாங்காமல் கணினியை அணைத்துவிடும். விண்டோஸ் தன் நிகழ்வுகளைக் காட்டும் ஈவென்ட் வியூவரில் 'கெர்னல்-பவர் 41' என்ற பதிவு இருந்தால், கணினி முறைப்படி அணையாமல் விழுந்தது என்று பொருள்; அந்தப் பதிவின் நேரத்தையும் பக்கத்து வயலில் மோட்டார் போட்ட நேரத்தையும் ஒப்பிட்டுப் பாருங்கள். யுபிஎஸ் இருந்தும் இப்படி நடந்தால் அதன் பாட்டரி தீர்ந்திருக்கும். பொதுவாக இரண்டு, மூன்று ஆண்டுதான் அதன் ஆயுள். வீட்டு இன்வெர்ட்டரில் நேரடியாக இணைத்திருந்தால் அதில் உள்ள சின்ன சுவிட்ச் 'யுபிஎஸ்' பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மற்ற நிலையில் மாறும் நேரம் நீண்டு, கணினி விழுந்துவிடும். கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இருக்கிறதா? எர்த் சரியில்லை. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், கணினிக் கடைக்காரரை அல்ல.

எல்லை எங்கே? எஸ்எம்பிஎஸ் பெட்டியின் மூடியைத் திறக்கவே கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிய பின்னும் அதன் கெப்பாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். மடிக்கணினியின் டச்பேட் மேலே எழும்பியிருந்தால் பாட்டரி உப்பிவிட்டது, அதை ஓட்டவும் வேண்டாம், குத்தவும் வேண்டாம். பழைய இன்டெல் விசிறிகளின் நான்கு பிளாஸ்டிக் கிளிப்புகள் வெயிலில் மொறுமொறுத்துப் போயிருக்கும். அவசரப்பட்டுத் திருகினால் உடைந்து, புது விசிறி வாங்க வேண்டியதாகிவிடும். வாரண்டி ஸ்டிக்கர் உள்ள கணினியில் இந்த வேலையே வேண்டாம்.

## ஊர்க் கடை

நாமே செய்ய முடியாத ஒன்று கடைக்காரரால் முடியும். அவரிடம் ஒழுங்காக ஓடும் எஸ்எம்பிஎஸ்ஸும் ரேமும் டிஸ்க்கும் சும்மா கிடக்கும். ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டுப் பார்த்து எது குற்றவாளி என்று பிடித்துவிடுவார். சோதிப்பதற்காக மட்டும் எந்த வீட்டிலும் இரண்டாவது எஸ்எம்பிஎஸ் வாங்கி வைப்பதில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் நகரங்களில் மட்டுமல்ல, அரூர், பாலக்கோடு, ஊத்தங்கரை போன்ற ஊர்களிலும் ஆள் கிடைக்கிறார். மறுபடி நின்றால் மறுநாளே வண்டியில் வைத்துக் கொண்டுபோகலாம். என் கணக்கில் இந்த ஒன்றுக்காகவே அவருக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம்.

கெட்ட பக்கம், கேட்காமலே செய்யும் ஃபார்மட். 'விண்டோஸ் போட்டுக் கொடுத்துவிடுகிறேன் சார், புதுசு மாதிரி ஓடும்' என்பார். புதிதாகப் போட்ட விண்டோஸ் முதல் வாரம் வேகமாகத்தான் இருக்கும். கோளாறு வெப்பத்திலோ எஸ்எம்பிஎஸ்ஸிலோ இருந்தால் மறு வாரம் அதே கதை. இடையில் டெஸ்க்டாப்பில் இருந்த கோப்புகள் போயிருக்கும். இன்னொன்று, உரிமம் இல்லாத விண்டோஸ். அதை 'ஆக்டிவேட்' செய்யும் மென்பொருள்கள் பலவும் வைரஸ் தடுப்பை அணைக்கச் சொல்கின்றன. அப்படித் திறந்துவிட்ட கதவு வழியாக என்ன வரும் என்பது போட்டவருக்கே தெரியாது. நெட்பேங்கிங் செய்யும் கணினியில் இது வேண்டவே வேண்டாம்.

எனவே கொடுக்கும்போது சில சொற்களைத் தயங்காமல் சொல்லுங்கள். 'அண்ணா, என்னைக் கேட்காமல் ஃபார்மட் வேண்டாம். மாற்றிய பழைய பாகம் எனக்கு வேண்டும். புதுப் பாகத்துக்குப் பில் வேண்டும்.' எப்போது நிற்கிறது என்று எழுதிய தாளை கேபினெட் மேலேயே ஒட்டிவிடுங்கள். உள்ளே இருக்கும் ரேம், டிஸ்க் ஆகியவற்றின் வரிசை எண்ணைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்வதில் தவறில்லை. நல்ல கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார். பில் இல்லாமல் சற்றுக் குறைவாகத் தருகிறேன் என்றால் மறுத்துவிடுங்கள். எஸ்எஸ்டிக்கு (ஹார்டு டிஸ்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்புப் பாகம்) பொதுவாக மூன்று முதல் ஐந்து ஆண்டு வரை வாரண்டி உண்டு. பில்லைக் காட்டச் சொல்லும்போது காட்ட முடியாவிட்டால், மிச்சம் பிடித்த தொகை அங்கே போய்விடும்.

## நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர்

வாரண்டி உள்ளவரை இதைத் தவிர வேறெங்கும் போக வேண்டாம். வாரண்டி முடிந்தபின் பெரும்பாலும் போக வேண்டாம். அங்கே மதர்போர்டைச் சரிசெய்வதைவிட முழுதாக மாற்றவே சொல்வார்கள், அந்த விலைக்கு ரீஃபர்பிஷ்டு கணினி ஒன்றை யோசிக்கலாம். கோப்புகளுக்கு வாரண்டி கிடையாது என்பதை நினைவில் வைத்து, கொடுப்பதற்கு முன் நகல் எடுங்கள். மடிக்கணினியில் பிட்லாக்கர் என்ற பூட்டு இயங்கிக்கொண்டிருக்கலாம். மதர்போர்டை மாற்றியபின் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்த எண் இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்து எழுதி வையுங்கள்.

## பெங்களூரு எஸ்.பி. ரோடு

கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு ஏறக்குறைய 90 கிலோமீட்டர், தருமபுரியிலிருந்து 130-க்கு மேல். தேசிய நெடுஞ்சாலை 44-இல் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. ஓசூர்க்காரர்களுக்கு இது கிட்டத்தட்ட உள்ளூர்ச் சந்தை. பத்து ஆண்டுப் பழைய மதர்போர்டுக்குப் பொருந்தும் டிடிஆர்3 என்ற பழைய வகை ரேம், நிறுத்தப்பட்ட மாடல் எஸ்எம்பிஎஸ் போன்ற, நம் ஊரில் தேடினாலும் கிடைக்காதவை எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்.

ஆனால் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போவதை நான் ஆதரிக்கவில்லை. பஸ்ஸில் வைத்தால் ஆட்டத்தில் கனமான ஹீட்சிங்க் (ப்ராசசர் மேல் உள்ள உலோகத் தகடுகள்) தளர்ந்துவிடலாம், இறங்கிய இடத்திலிருந்து ஆட்டோ வேண்டும். காலையில் கொடுத்தால் மாலைக்குள் கோளாறு கண்டுபிடித்துத் தருவார் என்று எந்த உறுதியும் இல்லை. சில நாள் கழித்து வரச் சொன்னால் மறுபயணம். இதுவாக இருக்கும் என்று ஊகித்து வாங்கிய பாகம் வீட்டில் வந்து பொருந்தாவிட்டால் அதற்கும் மறுபயணம். பாகத்தில் மிச்சமாகும் சில நூறு ரூபாய் பஸ் டிக்கெட்டுக்கும் சாப்பாட்டுக்குமே சரியாகிவிடும்.

எனவே பழைய பாகத்தின் எழுத்துகளைப் படம் எடுத்து, எந்த மாடல் வேண்டும் என்று உறுதிசெய்தபின், வேறு வேலையாகப் போகும் நாளில் வாங்கிக்கொண்டு வாருங்கள். 2025-ஆம் ஆண்டின் கடைசி மாதங்களிலிருந்து ரேம் விலை கடுமையாக ஏறியிருக்கிறது. பழைய விலையை மனத்தில் வைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான்.

எஸ்எஸ்டி பற்றி ஒரு வார்த்தை. ஹார்டு டிஸ்க் நொடிக்கு நூறு, நூற்றைம்பது எம்பி படிக்கும். பழைய டிஸ்க் இணைப்பிலேயே பொருந்தும் சாதாரண சாட்டா எஸ்எஸ்டி ஐந்நூறைத் தொடும். 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஆரம்ப ஆண்டுகளில் வந்தவை பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவை நிற்பதற்குப் பழைய டிஸ்க்தான் காரணம் என்றால், சிறிய எஸ்எஸ்டி ஒன்றும் விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளமும் போட்டுப் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுக்கலாம். வெப்பமோ மதர்போர்டோ காரணம் என்றால் எஸ்எஸ்டி போட்டு எந்தப் பயனும் இல்லை.

## புதியது அல்லது ரீஃபர்பிஷ்டு

மதர்போர்டில் சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்கள் தலை உப்பி, பழுப்பு நிறக் கசிவு தெரிகிறதா? ப்ராசசர் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதா? ஒரே கணினியில் டிஸ்க்கும் எஸ்எம்பிஎஸ்ஸும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகின்றனவா? இவற்றில் இரண்டுக்கு ஆம் என்றால் சரிசெய்வதை விட்டுவிடலாம். பழுதுபார்க்கும் செலவு, அதே தரத்தில் ஒரு ரீஃபர்பிஷ்டு கணினி விலையில் பாதியை நெருங்கினால் நான் புதிய பக்கம் சாய்ந்துவிடுவேன்.

நிறுவனங்கள் சில ஆண்டு ஓட்டிவிட்டுக் கழிக்கும் அலுவலகக் கணினிகள் பெங்களூரிலிருந்து நம் பக்கம் நிறையவே வருகின்றன. கட்டுறுதியானவை, வீட்டு வேலைக்குத் தாராளம். வாங்கும்போது தலைமுறை எண்ணைத் திரையிலேயே பாருங்கள், ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். சின்ன கேபினெட் மாடல்களில் எஸ்எம்பிஎஸ் அந்த நிறுவனத்துக்கே உரிய வடிவத்தில் இருக்கும். அது போனால் ஊர்க் கடையில் சட்டென்று மாற்று கிடைக்காது. கடையில் நிற்கும்போதே அரை மணி நேரம் வீடியோ ஓடவிட்டு, கையை வைத்து வெளிவரும் காற்றின் சூட்டைப் பாருங்கள்.

புதிதாக வாங்கும் பட்ஜெட்டில் யுபிஎஸ்ஸைச் சேர்க்காவிட்டால், வோல்டேஜ் இறங்கும் வீட்டில் புதுக் கணினியும் அதே கூத்தை ஆடும். பழைய பிரிண்டருக்கு விண்டோஸ் 11-இல் டிரைவர் கிடைக்கிறதா என்பதையும் முன்பே பார்த்துவிடுங்கள்.

பழைய கேபினெட்டை எடைக்குப் போடுவதற்கு முன் ஹார்டு டிஸ்கைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள். மேசைக் கணினியின் பெரிய டிஸ்க் என்றால் தனி மின் அடாப்டர் உள்ள யுஎஸ்பி கேஸ் வேண்டும், மடிக்கணினியின் சிறிய டிஸ்குக்கு அடாப்டர் இல்லாத யுஎஸ்பி கேஸே போதும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ 'குட்' என்று காட்டும் வரை அது கூடுதல் நகல் வைக்கும் பெட்டியாக ஓடும். 'காஷன்' காட்டிய டிஸ்க் என்றால் கோப்புகளை எடுத்தபின் துளைபோட்டு எறிந்துவிடுங்கள்.